காபி வழக்கு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒருவரின் செயலால் அல்லது அசட்டையால் இன்னொருவருக்கு நேரும் இழப்பைப் பணத்தால் ஈடுசெய்ய வைப்பது தீங்கியல் சட்டம். இந்தச் சட்டத்தைக் கேலி செய்ய அதிகம் பயன்பட்டது மெக்டொனால்ட்ஸ் காபி வழக்கு. காபியைக் கொட்டிக்கொண்ட ஒரு பெண் கோடீஸ்வரி ஆனார் என்றே கதை பரவியது. வழக்கின் விவரங்கள் வேறு.

நம்பிக்கை: காரை ஓட்டிக்கொண்டே காபி குடித்தவருக்கு ஏற்பட்ட சிறு காயம் அது.

சம்பவம் நடந்தது 1992 பிப்ரவரியில், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து அல்புகர்க்கி நகரில். காரை ஓட்டி வந்தவர் அந்தப் பெண்ணின் பேரன். அப்போது கார் நின்றுகொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த 79 வயது மூதாட்டி, கிரீமும் சர்க்கரையும் சேர்ப்பதற்காகக் கோப்பையை முழங்கால்களுக்கு நடுவே வைத்து மூடியைத் திறந்தார். காபி மடியில் கொட்டியது. சூடான காபியில் ஊறிய துணி தோலோடு ஒட்டிக்கொண்டது. தொடையிலும் அதைச் சுற்றியும் மூன்றாம் நிலைத் தீக்காயம், அதாவது தோலின் முழு ஆழமும் வெந்துபோன நிலை. 8 நாள் மருத்துவமனையில் இருந்தார். தோல் ஒட்டு அறுவை சிகிச்சையும் நடந்தது. இதைச் சிறு காயம் என்பது அநியாயம்.

நம்பிக்கை: காபி என்றால் சூடாகத்தான் இருக்கும், விற்றவர் மேல் என்ன தவறு?

கவனக்குறைவு வழக்கில் வாதி நான்கை நிறுவ வேண்டும்: பிரதிவாதிக்குக் கவனமாக நடக்கும் கடமை இருந்தது, அதை அவர் மீறினார், அந்த மீறலால் தீங்கு வந்தது, உண்மையில் இழப்பு ஏற்பட்டது. இந்த வழக்கில் பெரிய சர்ச்சை கடமை மீறலைப் பற்றியது. நிறுவனத்தின் விதிப்படி காபி 82 முதல் 88 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைக்கப்பட்டது. அந்தச் சூடு சில நொடிகளிலேயே ஆழமான தீக்காயத்தை உண்டாக்கும். முந்தைய 10 ஆண்டுகளில் 700-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்திருந்தது விசாரணையில் தெரியவந்தது. ஆபத்து தெரிந்தும் சூடு குறைக்கப்படவில்லை. வழக்கின் போக்கைத் தீர்மானித்தது இதுதான்.

நம்பிக்கை: பேராசையால் போடப்பட்ட வழக்கு.

மூதாட்டி முதலில் கேட்டது மருத்துவச் செலவுக்கும் வருமான இழப்புக்குமாக 20,000 டாலர். நிறுவனம் தர முன்வந்தது 800 டாலர். அதற்குப் பிறகே வழக்கு.

நம்பிக்கை: தன் பக்கமும் தவறு இருந்தால் இழப்பீடு கிடைக்காது.

தவறைப் பங்கிட்டுப் பார்ப்பது நியூ மெக்சிகோ சட்டத்தின் முறை. 1994-இல் ஜூரி மூதாட்டியின் பங்கை 20 சதவீதம் என்று கணித்தது. அதனால் 2,00,000 டாலர் இழப்பீடு 1,60,000 ஆகக் குறைந்தது.

நம்பிக்கை: நிறுவனம் குற்றவாளி என்று தீர்ப்பானது.

இது உரிமையியல் வழக்கு. இங்கே குற்றவாளியும் இல்லை, சிறையும் இல்லை. ஐயத்துக்கு இடமில்லாத அளவுக்கு நிரூபிக்க வேண்டியதும் இல்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்புண்டு என்பதை வைத்தே தீர்ப்பு.

நம்பிக்கை: மூதாட்டிக்கு 27 லட்சம் டாலர் கிடைத்தது.

27 லட்சம் என்பது இழப்பீடு அல்ல; இனி இப்படி நடக்காதிருக்க ஜூரி விதித்த தண்டத்தொகை. நிறுவனத்தின் ஏறக்குறைய இரண்டு நாள் காபி விற்பனையை அளவாகக் கொண்டு அது கணக்கிடப்பட்டது. நீதிபதி அதை 4,80,000 டாலராகக் குறைத்தார். அதன் பின் இரு தரப்பும் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் செய்துகொண்டன. கைமாறிய தொகை வெளியிடப்படவில்லை.