மதிலுக்கு அடியில் ஓடும் நீர்

அன்புள்ள பேத்திக்கு ஆசீர்வாதம்.

சென்னைக் கடற்கரையோரப் பாலவாக்கத்து வீட்டுக் கொல்லையில் குளியலறைக் குழாயைக் கல்வாழைப் பாத்திக்குத் திருப்பிவிட்ட செய்தியை எழுதி, நம் வீட்டுத் தண்ணீருக்குச் சர்க்கார் எதற்கு விதி வகுக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி.

கடற்கரை மணலின் சுபாவத்தை முதலில் அறிந்துகொள். பெய்த மழையைத் தேங்கவிடாமல் உறிஞ்சிக் கிணற்றுக்குச் சேர்க்கும் அதே மணல், நாம் விடுகிற சோப்பு நீரையும் அவ்வளவு சுலபமாகக் கீழே இறக்கிவிடும். நமக்கும் அண்டை வீட்டாருக்கும் இடையே எழுப்பிய மதில் பூமிக்கு மேலே நிற்பதேயன்றி ஊற்றுக்குக் குறுக்கே நிற்பதன்று. இந்த ஒரு காரணத்தாலேயே இதில் சட்டத்துக்கு இடமுண்டு என்கிறேன்.

வீட்டு நீருக்குச் சட்டம் வகுப்பது நமக்குப் புதிதன்று; 2003-இல் மழைநீர் சேகரிப்பு தமிழகமெங்கும் கட்டாயமாயிற்று. குளித்த நீரைக் கல்வாழைப் பாத்தியில் விட்டு மண்ணாலும் வேராலும் தெளியவைக்கும் முறையை ரசாயன அறிஞர் இந்துகாந்த் ரகடே சென்னைவாசிகளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லிவந்தார். குளியலறை நீரைக் கழிப்பறைக் கழிவோடு கலக்காமல் தனிக்குழாயில் கொண்டுசெல்ல வேண்டுமென்று கட்டட விதிகளும் கூறின. ஆனால் வரைபடத்தில் இரண்டாக இருந்த குழாய்கள், செலவைச் சுருக்க நினைத்த கொத்தனாரின் கையில் ஒன்றாகிவிடுவதுண்டு. சுவர் பூசிய பிறகு அதை யார் பார்ப்பார்? 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, தெருத் தெருவாய் லாரித் தண்ணீருக்குக் குடங்கள் காத்திருந்தபோதும் குளித்த நீர் சாக்கடைக்கே போயிற்று. அதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் 2001-இல் வகுத்த விதி எனக்கு உசிதமாகப் படுகிறது. தினம் 400 காலன், அதாவது சுமார் 1,500 லிட்டருக்குட்பட்ட குளியல், துவையல் நீரை மறுபடி பயன்படுத்தும் குடும்பம், நிபந்தனைகளை அனுசரித்தால் போதும், தனி அனுமதி தேவையில்லை. அதற்கு மேற்பட்டதற்கு அனுமதி வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நூறு படுக்கை விரிப்புகளை வெளுக்கும் விடுதியையும் நம் வீட்டையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. விடுதிக்குச் சுத்திகரிப்பும் அவ்வப்போது நீர்ப் பரிசோதனையும் அவசியம். வீட்டுக்குப் போதனையே போதும்.

அந்தப் போதனையின் முதல் பாடத்தை நீயே சோதித்துப் பார். குளித்த நீரை ஒரு வாளியில் பிடித்து வை. அன்று சோப்பு மணக்கும். ஓரிரு நாளில் நுரை அடங்கி, மேலே சாம்பல் நிறத்தில் ஆடை படர்ந்து, கிட்டே போகவொட்டாமல் நாறும். ஆதலால் தேக்காமல் அன்றன்றே பாய்ச்சு. எண்ணெய்ப் பிசுக்குள்ள அடுக்களை நீரையும் குழந்தையின் மலத்துணி அலசிய நீரையும் சேர்க்காதே; குளித்த நீரைக் கீரைப் பாத்தியில் விடாதே.

விடுமுறைக்கு வரும்போது அளவு நாடாவைக் கொண்டு வா. கல்வாழைப் பாத்தியிலிருந்து நம் கிணறு எத்தனை அடி என்று பார்த்துவிட்டு, அடுத்த வீட்டு அம்மாளிடம் கேட்டு அவர்கள் கிணறு வரைக்கும் அளந்துவிடுவோம்.

இப்படிக்கு,
அன்புள்ள தாத்தா