ஏர்போர்ட்டுக்கு எந்த பஸ்?

நம்பிக்கை: விமானத்தில் போகிறவருக்கு பஸ் எதற்கு? டாக்ஸிக்குக் காசில்லாதவரா டிக்கெட் எடுத்தார்?

உண்மை: இப்படிக் கேட்பவர்கள் விமான நிலையம் என்றதும் பயணியை மட்டுமே நினைக்கிறார்கள். பெட்டி ஏற்றுபவர், கழிப்பறை கழுவுபவர், காவலாளி, காபிக் கடைப் பையன், டிராலி தள்ளுபவர் எல்லாரும் அங்கே தினமும் போய்வருகிறவர்கள். பயணி எப்போதாவது ஒருமுறை போகிறார். இவர்கள் மாதம் முழுக்க, அதுவும் ஷிஃப்டில். பயணிகளிலும் எல்லாரும் ஒரே ரகமா என்ன? மஸ்கட்டிலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊர் திரும்பும் கொத்தனாருக்கு விமான டிக்கெட்டைப் பல நேரம் கம்பெனியே எடுத்துத் தருகிறது. வாசலில் டாக்ஸிக்குக் கொடுப்பதுதான் அவருடைய சொந்தக் காசு.

பெங்களூரைப் பாருங்கள். 2008 மே மாதம் விமான நிலையம் தேவனஹள்ளிக்குப் போனது. நகர நடுவிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். ‘வாயு வஜ்ரா’ ஏ.சி. பஸ்கள் இரவு பகல் பாராமல் அங்கே ஓடுகின்றன. லேப்டாப் பையோடு வருகிறவர்கள்கூட ஏறத்தான் செய்கிறார்கள். டெல்லி கதை இன்னும் தெளிவு. 2011 பிப்ரவரியில் அங்கே ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் மெட்ரோ தொடங்கியபோது கட்டணம் அதிகம், கூட்டம் குறைவு. நடத்திய தனியார் நிறுவனம் 2013இல் விலகிக்கொண்டது. பொறுப்பேற்ற டெல்லி மெட்ரோ கழகம் 2014லும் 2015லும் கட்டணத்தை வெட்டியது. ஆட்கள் வந்து ஏறினார்கள். விமானப் பயணி ரயிலில் ஏறமாட்டார் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அப்புறம் என்ன சொன்னார்களோ.

நம்பிக்கை: சென்னையில்தான் மெட்ரோ வந்துவிட்டதே, இனி என்ன குறை?

உண்மை: விமான நிலையத்துக்கு வந்தது, 2016 செப்டம்பரில். நல்ல மெட்ரோ. டெர்மினலிலிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டே நிலையத்துக்குப் போய்விடலாம். 2021 பிப்ரவரியில் உச்சக் கட்டணத்தையும் 70 ரூபாயிலிருந்து 50 ஆகக் குறைத்தார்கள். சென்ட்ரலுக்கோ ஆலந்தூருக்கோ பகலில் போகிறவருக்கு இதைவிட வசதி கிடையாது.

ஆனால் மெட்ரோ இரவு 11 மணி வாக்கில் நின்று, காலை 5 மணிக்குத்தான் மறுபடி ஓடும். தண்டவாளமும் மின்கம்பியும் பராமரிக்க அந்த நேரம் வேண்டும். அதைக் குறை சொல்ல முடியாது. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூர், கோலாலம்பூர் பக்கமிருந்தும் வரும் விமானங்களில் பல இறங்குவது அந்த நேரத்தில்தான். ராத்திரி ஒன்றரை மணிக்குக் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியோடு, அதன்மேல் மார்க்கரில் எழுதிய பெயரோடு வெளியே வருகிறவரைச் சுற்றி நாலு பேர் வந்து நிற்பார்கள். “எங்கண்ணே போகணும்? கிளாம்பாக்கமா?” அதற்குமேல் அவர்கள் சொல்வதுதான் ரேட்டு.

கிளாம்பாக்கம் என்று கேட்பதற்கும் காரணம் உண்டு. 2023 டிசம்பர் கடைசியில் புதிய பேருந்து முனையம் அங்கே திறக்கப்பட்டது. விழுப்புரம், திருச்சி, மதுரைப் பக்கம் போகும் பஸ்கள் அங்கிருந்து கிளம்புகின்றன. மெட்ரோவோ விமான நிலையத்தோடு முடிந்து நகரத்துப் பக்கம் திரும்பிவிடுகிறது. தெற்கே போக வேண்டிய ஆளுக்கு அந்த மெட்ரோ பகலிலும் உதவாது. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோவை நீட்டுவது இன்னும் திட்டமாகத்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் எல்லாரும் மறந்துவிடுகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். எதிரே ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டினால் திரிசூலம் ஸ்டேஷன். கடற்கரை–தாம்பரம் தடத்தில் மின்சார ரயில் 1931 முதலே ஓடுகிறது. அது மெட்ரோவைவிடப் பின்னால் தூங்கி முன்னால் எழுந்துகொள்ளும். விடிகாலை நாலு மணியை ஒட்டி முதல் வண்டிகள் கிளம்பிவிடும். தாம்பரம், செங்கல்பட்டுப் பக்கமும் போகலாம், டிக்கெட்டும் சில்லறைக் காசு. இரண்டு பெட்டியோடு வருகிற வெளியூர்க்காரருக்கு டெர்மினல் வாசலில் யாராவது இதைச் சொல்கிறார்களா? திரிசூலத்துக்கு வழிகாட்டும் ஒரு பெரிய பலகைக்கு எத்தனை கோடி ஆகிவிடும்?

நம்பிக்கை: ஏர்போர்ட் ஊருக்கு வெளியே தூரத்தில் இருப்பதுதான் சிக்கல்.

உண்மை: கோவை விமான நிலையம் பீளமேட்டில், ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் பெரும்பாலான டவுன் பஸ்கள் அவிநாசி சாலையோடு நேரே போய்விடும். சிட்ரா நிறுத்தத்தில் இறங்கி மிச்சத் தூரத்துக்கு ஆட்டோ பேச வேண்டும், இல்லாவிட்டால் வெயிலில் நடக்க வேண்டும். பல ஊர்களில் பஸ் தடம் பக்கம்வரை வந்து அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டரில் செத்துப்போகிறது.

நம்பிக்கை: டாக்ஸிக்காரர்கள்தான் பஸ்ஸை வரவிடாமல் தடுக்கிறார்கள்.

உண்மை: திட்டு வாங்க அவர்கள் சௌகரியமான ஆட்கள், அவ்வளவே. விமான நிலையங்களுக்கு விமானச் சேவைக் கட்டணங்கள் தவிர்த்த வருமானத்தில் பார்க்கிங்கும் டாக்ஸி உரிமமும் உண்டு. பஸ்ஸில் வருகிறவர் அந்தக் கணக்கில் ஒரு பைசா சேர்ப்பதில்லை. பஸ் நிறுத்தம் ஏன் எப்போதும் கண்ணுக்குப் படாத இடத்தில் இருக்கிறது என்று கேட்பவர்கள், சண்டையை டிரைவரிடம் ஆரம்பிக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை: பரந்தூரில் சென்னைக்கான புதிய விமான நிலையம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

உண்மை: பரந்தூர் சென்னையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். பூந்தமல்லியிலிருந்து அங்கே வரை மெட்ரோவை நீட்டும் திட்டம் இருக்கிறது. பெங்களூரு விமான நிலையம் திறந்து பதினேழு ஆண்டு கழிந்தபோதும் மெட்ரோ அங்கே போய்ச் சேர்ந்திருக்கவில்லை. அத்தனை காலமும் பொதுப் போக்குவரத்து என்றால் பெரும்பாலும் பஸ்தான். பரந்தூரிலும் முதல் நாள் ஓடப்போவது பஸ்தான் என்று வைத்துக்கொண்டு, அது நிற்க டெர்மினல் வாசலுக்கு நேர் எதிரே ஓர் இடத்தை வரைபடத்திலேயே குறித்துவிட வேண்டும். கட்டி முடித்த பிறகு இடம் கேட்டால், கார் பார்க்கிங்குக்குப் பின்னால் ஒரு மூலையைத்தான் காட்டுவார்கள்.