சிறுவர் ஈறுகளில் இரத்தக் கசிவு: காரணமும் தடுப்பும்

பல் துலக்கும்போது சிறுவர் உமிழும் நீரில் இரத்தம் கலந்திருப்பின், அவ்விடத்தைச் சில நாள் தொடாது விடுமாறு கூறுவது பல இல்லங்களில் வழக்கமாக உள்ளது. நோய் முற்றுவதற்கு இவ்வறிவுரையே பெரும்பாலும் காரணமாகின்றது. இரத்தக் கசிவு, தூய்மை குறைந்த இடத்தை ஈறு சுட்டிக்காட்டும் அடையாளமாகும்.

ஈறும் நுண்ணுயிர்ப் படலமும்

பல்லின் கழுத்தைச் சுற்றி ஈறு ஒரு பட்டை போல் அமைந்துள்ளது. பாற்பற்களைச் சூழ்ந்த ஈறு, வளர்ந்தோரின் ஈற்றைவிடச் சற்றுச் சிவந்தும், விளிம்பு தடித்தும் இருப்பது இயல்பே. இதனை நோயெனக் கருதலாகாது. தொட்டவுடன் இரத்தம் கசிதலும், விளிம்பு வீங்கிப் பளபளத்தலுமே நோய்க்குறிகளாம்.

ஈறும் பல்லும் சேரும் வரம்பில் நாள்தோறும் நுண்ணுயிர்கள் மெல்லிய படலமாகப் படிகின்றன. 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்து ஆய்வாளர் ஹரால்ட் லோவும் அவர்தம் துணைவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நலமான ஈறுகளையுடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியபின், ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலையை அடைந்தன. படலமே காரணம் என்பதும், தொடக்க நிலை அழற்சி முற்றிலும் நீங்கக்கூடியது என்பதும் இதனால் தெளிவாயின. கவனியாது விடின், சிலருக்கு அழற்சி பல்லைத் தாங்கும் எலும்பையும் அரிக்கும். அவ்வாறு இழந்த எலும்பு தானாக மீள்வதில்லை.

இந்தியப் பல் மருத்துவக் குழு 2002–03இல் நடத்திய தேசிய ஆய்வில், 12 வயதுச் சிறுவருள் பாதிக்கு மேற்பட்டோரிடம் ஈறு நோயின் குறிகள் காணப்பட்டன.

ஊர் வழக்கங்கள்

கொல்லயில், பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய எல்லைப்புறப் பகுதிகளை உள்ளடக்கிய தென்திருவிதாங்கூரில், உமிக்கரியை உப்புடன் சேர்த்து விரலால் தேய்ப்பதும், தென்னை ஈர்க்கிலைப் பிளந்து நாக்கை வழிப்பதும் நெடுநாள் வழக்கங்களாம். நாக்கை வழித்தல் நன்றே. ஆயின் விரல், பற்களின் இடுக்கையும் ஈற்று வரம்பையும் எட்டுவதில்லை. உமியில் சிலிக்கா மிகுதியாதலின், அதன் கரி பல்லின் எனாமலைத் தேய்த்து ஈற்றையும் புண்படுத்தும். வெண்மையாகத் தோன்றும் பல்லின் அடியிலும் படலம் எஞ்சியிருக்கக்கூடும். இவ்வழக்கங்களை இகழாது, எட்டாத இடம் எது என்பதை மட்டும் கண்ணாடியில் காட்டி விளக்குதல் பயன் தரும்.

வயதுக்கேற்ற கவனம்

சுமார் 6 வயதில், கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் நிலையான கடைவாய்ப்பல் முளைக்கின்றது. எப்பல்லும் விழாமலே இது தோன்றுவதால், விழப்போகும் பாற்பல்லென எண்ணிப் பெற்றோர் புறக்கணிப்பதுண்டு. முளைக்கும் பல்லைச் சுற்றிய ஈறு நோவதால் குழந்தையும் அப்பக்கம் துலக்கத் தயங்கும். பூப்புப் பருவத்தில் இயக்குநீர் மாறுதல்களால் சிறிது படலமும் பெரும் வீக்கத்தை உண்டாக்கும். எனவே இவ்விரு பருவங்களிலும் கூடுதல் கண்காணிப்பு வேண்டும்.

மெல்லிய தூரிகையை ஈற்று வரம்பில் சாய்வாக வைத்து, சிறு அசைவுகளால் காலையும் இரவும் துலக்க வேண்டும். புளோரைடு கலந்த பற்பசை, 3 வயதுக்குக் கீழ் அரிசியளவும், 3 முதல் 6 வயது வரை பட்டாணியளவும் போதுமானது. ஏறத்தாழ 7 அல்லது 8 வயது வரை பெரியோர் ஒருவர் துலக்கிவிடுதலோ, உடனிருந்து உதவுதலோ இன்றியமையாதது. இரத்தம் கசியும் இடத்தை விடாது, மென்மையாகத் துலக்குதல் வேண்டும்.

மருத்துவரிடம் அனுப்ப வேண்டியவை

இரு வாரங்கள் செவ்வனே துலக்கியும் கசிவு நீங்காமை, சீழ், இளமையிலேயே நிலையான பற்கள் ஆடுதல், ஈறுகளில் கடினமான பற்காறை ஆகியவற்றைக் காணின் பல் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். காய்ச்சல், வெளிறிய முகம், மிகுந்த சோர்வு, காரணமின்றித் தோலில் நீலத் தழும்புகள் ஆகியவற்றுடன் ஈற்றில் இரத்தம் கசியுமாயின், அது இரத்த நோயின் குறியாகலாம். காத்திராது அன்றே பொது மருத்துவரிடம் காட்டுதல் கடமையாகும். உயர் சிகிச்சைக்கு, 1959இல் நிறுவப்பெற்ற திருவனந்தபுரம் அரசு பல் மருத்துவக் கல்லூரி இப்பகுதியினருக்கு அண்மையில் உள்ளது.

வகுப்பில் ஆசிரியரும், இல்லந்தோறும் செல்லும் கள ஊழியரும் பெற்றோருக்குக் கூற வேண்டியது ஒன்றே: இரத்தம் வருவதால் துலக்குவதை நிறுத்தற்க; சரியாகத் துலக்காமையாலேயே இரத்தம் வருகின்றது. இதனை ஏற்று ஒரு வாரம் முறையாகத் துலக்கும் சிறுவனின் ஈறே அடுத்த வீட்டாருக்குச் சிறந்த சான்றாக அமையும்.