தோத்த பிறகு என்ன பேசணும்? ராணுவம் சொல்லித்தரும் நான்கு கேள்விகள்



ராணுவம்னு சொன்னாலே நமக்கு ஞாபகம் வர்றது பரேடும் சல்யூட்டும்தான். மேலதிகாரி சொன்னா கேட்கணும், எதிர்த்துப் பேசக்கூடாது. ஆனால் அதே ராணுவத்தில், கடைநிலைச் சிப்பாய்கூட எல்லோர் முன்னாலும் "உங்க ஆர்டர் எங்களுக்கு லேட்டா வந்துச்சு சார்" என்று கமாண்டரிடம் சொல்லக்கூடிய ஒரு கூட்டம் உண்டு. அதன் பெயர் 'ஆஃப்டர் ஆக்‌ஷன் ரிவ்யூ', சுருக்கமாக ஏ.ஏ.ஆர்.

எப்படி வந்தது?

வியட்நாம் போருக்குப் பிறகு அமெரிக்க ராணுவம் தன் பயிற்சி முறையை மாற்றி அமைத்தது. 1980-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், ஃபோர்ட் இர்வினில் தேசியப் பயிற்சி மையம் செயல்படத் தொடங்கியது. அங்கே குண்டுக்குப் பதில் லேசர். எதிரியாக மோதுவதற்கென்றே ஒரு தனிப் படை. அந்த மண்ணின் மேடு பள்ளம் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அதனால் பயிற்சிக்கு வரும் பிரிவுகள் பெரும்பாலும் தோற்கும். தோற்ற கையோடு உட்கார்ந்து பேசுவார்கள். 1993-ல் இதற்கென ஒரு கையேட்டையும் ராணுவம் வெளியிட்டது.

அந்த நான்கு கேள்விகள்

1. என்ன நடக்கணும்னு திட்டமிட்டோம்?
2. உண்மையில் என்ன நடந்தது?
3. ஏன் அப்படி நடந்தது?
4. அடுத்த முறை எதைத் தொடரணும், எதை மாத்தணும்?

கவனிச்சீங்களா? "யார் தப்பு?" என்ற கேள்வியே இதில் இல்லை.

இன்று காட்டுத்தீயை அணைக்கும் குழுக்களும் இந்த முறையைப் பயன்படுத்துகின்றன. நோய்ப்பரவல் போன்ற அவசரநிலைகளுக்குப் பிறகு நாடுகள் இதை எப்படி நடத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஒரு வழிகாட்டியே வெளியிட்டது. சாஃப்ட்வேர் நிறுவனங்களில் சர்வர் விழுந்தால், யாரையும் குற்றம் சாட்டாமல் நடத்தும் 'போஸ்ட்மார்ட்டம்' கூட்டமும் இதே சிந்தனைதான்.

நமக்கு எப்படி?

ஒரு உதாரணம் பார்ப்போம். உங்க டீமோட லைன் ஃபாலோயர் ரோபோ லேபில் அழகா ஓடுது. சிம்போசியம் அன்னைக்கு ஆடிட்டோரியத்தில் கோட்டை விட்டு விலகிப் போயிடுது. வழக்கமா என்ன நடக்கும்? கோடிங் பண்ணவன் சர்க்யூட்டைச் சொல்லுவான், சர்க்யூட் பண்ணவன் கோடிங்கைச் சொல்லுவான். வாட்ஸ்அப் குரூப்பில் ரெண்டு நாள் மௌனம். அவ்வளவுதான்.

நான்கு கேள்விகளோடு உட்கார்ந்தால் கதை வேற. சென்சார் அளவுகளை லேப் வெளிச்சத்தில் மட்டும்தான் செட் பண்ணியிருக்கோம் என்பது தெரியவரும். ஒருவேளை, ஃபர்ஸ்ட் இயர் ஜூனியர் ஒருத்தர் அதை முன்னாடியே கவனிச்சிருப்பார். "சீனியர்ஸ் இருக்கும்போது நாம எப்படிச் சொல்றது?"ன்னு பேசாம இருந்திருப்பார். உங்க டீம் இழந்தது பரிசை மட்டுமில்லை, அந்த ஒரு வாக்கியத்தையும்தான்.

செய்யும்போது மூணு விஷயம் மறக்காதீங்க:

• அன்னைக்கே பேசுங்க. நாள் ஆக ஆக நினைவு மாறும்.
• ஜூனியர் முதலில் பேசட்டும், டீம் லீடர் கடைசியில் பேசட்டும்.
• பாதி நேரத்தை நான்காவது கேள்விக்கு ஒதுக்குங்க. ஜெயிச்சாலும் கூட்டம் போடுங்க, எதனால ஜெயிச்சோம்னும் தெரியணுமே!

கட்டளைக்குக் கீழ்ப்படிவது ஒழுக்கத்தின் ஒரு பாதி. தனக்குக் கீழே இருப்பவர் சொல்லும் உண்மையைக் கோபப்படாமல் கேட்பது மறு பாதி. அடுத்த ப்ராஜெக்ட் ரிவ்யூ முடிஞ்சதும் கேன்டீனுக்குப் போறதுக்கு முன்னாடி இருபது நிமிஷம் ஒதுக்கிப் பாருங்க.