பாறையை உடைப்பது வெயிலா, வெள்ளமா?

பகலில் விரிந்து இரவில் சுருங்கியே பாறை உதிர்ந்துவிடுகிறது என்பது பள்ளிக்காலம் தொட்டு நம்மோடு வரும் நம்பிக்கை. 1936-இல் அமெரிக்க நிலவியலாளர் டேவிட் கிரிக்ஸ் இதைச் சோதித்தார். கிரானைட் துண்டு ஒன்றைச் சுமார் 110 டிகிரி செல்சியஸ் ஏற்ற இறக்கத்தில் 89,400 முறை சூடாக்கி ஆறவைத்தார். நாளுக்கு ஒருமுறை என்று கணக்கிட்டால் 244 ஆண்டு வெயில். கல்லில் மாற்றமே தெரியவில்லை. பிறகு நீர் தெளித்து ஆறவைத்தார். இரண்டரை ஆண்டுக்குச் சமமான சுற்றுகளிலேயே கல் கெடத் தொடங்கியது. சின்னத் துண்டுக்கு நடந்தது மலைக்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயம்தான். பெரும்பாறையின் மேற்புறமும் உட்புறமும் ஒரே சீராகச் சூடாவதில்லை. வெயில் அங்கே விரிசலைத் தொடங்கிவைக்கலாம். ஆனால் விரிசல் விடுவது வேறு, மக்குவது வேறு.

சரி, ஆற்று வெள்ளம்தான் பாறையை அரைத்து மணலாக்குகிறதா? அப்படியானால் பாறையில் இருப்பதெல்லாம் அதே விகிதத்தில் மணலிலும் இருக்க வேண்டும். கிரானைட்டில் பாதிக்கு மேல் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம். குவார்ட்ஸ் என்ற கனிமம் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான். நெடுந்தூரம் புரண்டு வந்த மணலிலோ பெரும்பாலும் குவார்ட்ஸ்தான். ஃபெல்ட்ஸ்பார் எங்கே போயிற்று? மழைநீர் காற்றிலும், அதைவிட அதிகமாக வேரோடிய மண்ணிலும், கரியமில வாயுவை வாங்கி மெல்லிய அமிலமாகிறது. அது ஃபெல்ட்ஸ்பாரிலிருந்து சோடியம், கால்சியம் போன்றவற்றைக் கரைத்துக்கொண்டு போக, எஞ்சுவது களிமண். கிணறு தோண்டும்போது மண்ணுக்கும் கெட்டிப் பாறைக்கும் நடுவே கடப்பாரைக்கே உதிரும் ஓர் அடுக்கு வரும். பாறையின் பழைய வரிகள் அதில் அப்படியே தெரியும். கையில் எடுத்தால் பொடியும். அங்கே எந்த ஆறும் பாய்ந்ததில்லை. ஆறு கூழாங்கல்லை உருட்டி வழவழப்பாக்குவது உண்மையே. ஆனால் அதன் முதல் வேலை சுமப்பதுதான். நீர் கல்லை மக்கச் செய்யுமானால், 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயில் இன்னும் நிற்கிறதே என்றால், அதன் மேல் விழும் மழை வழிந்தோடிக் காய்ந்துவிடுகிறது. மண்ணுக்குள் இருக்கும் கல்லுக்கு ஈரம் விடுவதே இல்லை.

ஆறு சுமந்து சென்ற மணல் படிந்த இடத்தில், மேலே மண் சேரச் சேர, எடை அழுத்தியே அது கல்லாகிறது என்பார்கள். எடை மணலை நெருக்கும். ஒட்ட வைப்பது பெரும்பாலும் நீர் கரைத்துக் கொண்டுவந்த சிலிக்கா, கால்சைட், இரும்பு ஆக்சைடு. சில மணற்கல் சிவந்திருப்பது அந்த இரும்பால்தான். படிவுப் பாறைக்கு மணல் வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. பாறையிலிருந்து கரைந்து கடல் சேர்ந்த கால்சியத்தைக் கடலுயிர்கள் ஓடாக்கிக்கொண்டன. அந்த ஓடுகள் படிந்து உருவான சுண்ணாம்புக்கல்லைத்தான் அரியலூர் சிமெண்ட் ஆலைகள் இன்று வெட்டி எடுக்கின்றன.