சிறு செயலும் பெருநோயும்

சீரியா நாட்டுப் படைத்தலைவனாகிய நாகமான், தன் தொழுநோய் தீர எலிசா தீர்க்கதரிசியை நாடிச் சென்றான். யோர்தானில் ஏழு முறை மூழ்குமாறு சொல்லக் கேட்டதும், இத்துணை எளிய செயலா என வெகுண்டு திரும்பினான். ஊழியர் எடுத்துரைத்த பின்னரே மூழ்கி நலம் பெற்றான். கொள்ளைநோய்க் காலத்தில் நம்முட் பலர் அவனை ஒத்தவரே.

1918ஆம் ஆண்டு சூன் திங்களிற் பம்பாயில் தலைகாட்டிய இன்புளூயன்சாக் காய்ச்சல், இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. மனிதரிடத்து அந்நோயை விளைக்கும் நுண்கிருமி பிரித்தறியப்பட்டதோ 1933இல். ஆதலின், ஒதுங்கியிருத்தலும் ஓய்வும் அருகிருந்து பேணுவார் அன்புமே அன்று மக்களுக்குத் துணையாயின.

2020இல் கோவிட் பரவியபோதும், தடுப்பூசி வருமுன் அரணாய் நின்றவை சிறு செயல்களே. அக்கிருமியைச் சூழ்ந்திருப்பது கொழுப்பாலாகிய மெல்லுறை. சவர்க்காரம் அதனைச் சிதைக்கும். ஆயின், 20 நொடியேனும் கைகளைத் தேய்த்தல் வேண்டும். காற்றில் மிதக்கும் நோய்த்துளிகளுக்குச் சாளரந் திறத்தலும் முகக்கவசமும் காப்பாம். காலந்தவறா உறக்கமும், நாடோறும் சிறிது நடத்தலும் உடலோடு உள்ளத்தையும் தாங்கும்.

இவற்றுள் எதுவும் தனித்து நோயை முற்றும் விலக்காது. பலவும் கூடி இடரைக் குறைக்கும். ஒருநாட் செய்து மறுநாள் விடுத்தலாற் பயனில்லை. நாகமான் மூழ்கியது தன்னலத்தின் பொருட்டு. நாம் கைகழுவுவதும் காய்ச்சலுற்றபோது வீட்டில் தங்குவதுமோ, அயல்வீட்டு முதியோரையும் காக்கும். பிறரிடத்து அன்பு பெருஞ்செயலில் மட்டுமன்று, இச்சிறு செயலிலும் விளங்குமன்றோ! ஆதலின், எளிதென்று இகழாது இவற்றை நாடோறும் பேணுவோமாக.