108 வருவதற்கு முன்…



லேத்தில் கை மாட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று வொர்க்‌ஷாப் சுவரில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். ரோட்டில் ஒருவன் அடிபட்டு விழுந்தால்? நமக்குத் தெரிந்தது ரெண்டுதான்: ஒரு சோடா, ஒரு ஆட்டோ.

போன வருஷம் நம் கேட்டுக்கு எதிரே ஒரு பையன் டூ வீலரிலிருந்து தூக்கியெறியப்பட்டபோது நானும் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்துத் தூக்கினேன். 108-ல் வந்திறங்கிய மருத்துவ உதவியாளர், "தம்பி, தூக்காதே! கழுத்தை அசைக்காதே!" என்று அதட்டினார். அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை.

என் பெரியம்மா மகளும் 108-ல் அதே வேலைதான். அந்த வாரக் கடைசியில் அக்காவிடம் போய்க் கேட்டேன். கழுத்தெலும்பு முறிந்திருந்தால், தூக்குகிற அசைவிலேயே தண்டுவடம் சேதமாகிக் கைகால் விழுந்துவிடலாமாம். அதனால்தான் தலையை நேராகப் பிடித்து, கழுத்துக்குக் காலர் மாட்டி, பலகையில் கட்டி ஏற்றுகிறார்கள். மயக்கத்தில் இருப்பவன் வாயில் சோடா ஊற்றினால் அது மூச்சுக்குழலில் இறங்கும். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்த வேண்டும். நனைந்தால் மேலே இன்னொன்று, அடித்துணியை எடுக்கக் கூடாது. பேச்சுமூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவே 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்க வேண்டும். "ரெண்டு நிமிஷத்துல உனக்கே மூச்சு வாங்கும்டா, ஆள் மாத்திக்கணும்."

போலீஸ், கோர்ட் என்று பயப்படுகிறோமே? நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்கு வராது என்று 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு சொல்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

"ரத்தம் பழகிடுச்சு, கூட்டம்தான் இன்னும் பழகல" என்றார் அக்கா. ஸ்ட்ரெச்சருக்கு வழி விடாமல் செல்போனில் படம் பிடிப்பவர்கள், ஏன் லேட் என்று சட்டையைப் பிடிக்க வருபவர்கள்! ஆனால் வண்டியிலேயே பிரசவம் பார்த்த ராத்திரியைச் சொல்லும்போது அவர் முகமே மாறிவிட்டது. ஓரங்கட்டிய வண்டியில் பிள்ளையைத் துடைத்து, தாயின் நெஞ்சில் போட்டு, அது அழுகிற வரைக்கும் தன் மூச்சும் நின்றிருந்ததாம்.

ஆஸ்பத்திரியில் ஒப்படைத்து, ஸ்ட்ரெச்சரைக் கழுவுவதற்குள் அடுத்த போன் வந்துவிடும். கொண்டுபோனவர் என்ன ஆனார் என்று பெரும்பாலும் தெரியாது. "உன் ஆளையாவது நீ போய்ப் பாரு" என்றார்.

மறுநாளே போனேன். கழுத்தில் காலரோடு படுத்திருந்தான். நான் முதலில் அவன் கால் விரல்களைத்தான் பார்த்தேன். அசைந்தன.